வீடே உயர்நிலைப் பள்ளியாகும்போது

குழந்தைக்கு எழுத்தறிவிக்கும் பொறுப்பைத் தாய் தந்தையர் தாமே ஏற்றுக்கொள்வதில் யாருக்கும் வியப்பிராது. அகர வரிசையைச் சொல்லிக்கொடுப்பதும், நூறு வரை எண்ணப் பழக்குவதும் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காரியங்களே. ஆனால், பதினைந்து பதினாறு வயதை எட்டிவிட்ட பிள்ளைக்கு இருபடிச் சமன்பாடும், ரசாயனப் பிணைப்பும், அரசியல் சாசனத்தின் சரித்திரமும், ஷேக்ஸ்பியரின் நாடகமும் வீட்டிலிருந்தபடியே கற்பிக்க ஒரு குடும்பம் முற்படுகிறது என்றால், கேட்பவர் மனத்தில் சந்தேகங்கள் வரிசையாக எழுகின்றன. இத்தனை சாஸ்திரங்களையும் ஒரு தாயோ தந்தையோ எவ்வாறு அறிந்திருக்கக்கூடும்? பரிசோதனைச்சாலை இல்லாமல் விஞ்ஞானம் கற்பது எப்படி? சகமாணவர்கள் இல்லாத கல்வி முழுமையான கல்வி ஆகுமா? முடிவில் சான்றிதழ் கொடுப்பவர் யார்? நியாயமான இந்தக் கேள்விகளுக்கெல்லாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் லட்சக்கணக்கான குடும்பங்கள் தத்தம் அனுபவத்தில் விடை தேடியிருக்கின்றன. அவர்கள் கண்ட விடையை, அத்தகைய ஒரு வீட்டில் ஒரு வாரம் எவ்வாறு கழிகிறது என்பதைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

இது ஏதோ சில விசித்திர மனிதர்களின் பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாட்டின் மத்தியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் மதிப்பீட்டின்படி, 1999-ஆம் ஆண்டில் சுமார் 8,50,000 பிள்ளைகள், அதாவது பள்ளி வயதினரில் 1.7 சதவீதத்தினர், வீட்டில் கற்றனர். 2012-இல் அத்தொகை சுமார் 18 லட்சமாகவும், 3.4 சதவீதமாகவும் உயர்ந்தது. கொரோனாத் தொற்றின் காலத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை நடத்திய விசாரணையில், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள குடும்பங்களில் வீட்டுக் கல்வியை மேற்கொண்டவை 2020-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் 5.4 சதவீதமாக இருந்து, அதே ஆண்டின் இலையுதிர் காலத்துக்குள் 11.1 சதவீதமாகப் பெருகியதாகத் தெரியவந்தது. சமய நம்பிக்கை காரணமாக இவ்வழியை நாடியவர் உண்டு. பள்ளியில் பிள்ளை பட்ட துன்பத்தைச் சகியாமல் நாடியவர் உண்டு. பள்ளியின் வேகம் தம் பிள்ளையின் இயல்புக்குப் பொருந்தவில்லை என்று கண்டு நாடியவரும் உண்டு.

வீட்டிலேயே கற்பிக்கும் இந்த உரிமை எளிதில் கிடைத்ததன்று. கட்டாயக் கல்விச் சட்டத்தை முதன்முதலில் 1852-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இயற்றிற்று. கடைசியாக 1918-இல் மிசிசிப்பி இயற்றியதோடு நாடு முழுவதும் பள்ளிக்குச் செல்வது சட்டபூர்வமான கடமையாயிற்று. பிள்ளைகள் அனைவரும் அரசாங்கப் பள்ளிக்கே செல்ல வேண்டும் என்று ஆரெகன் மாநிலம் விதித்தபோது, அந்த விதி செல்லாது என்றும், பிள்ளையின் கல்வியை நெறிப்படுத்தும் உரிமை பெற்றோருக்கு உண்டு என்றும் 1925-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஆமிஷ் சமயத்தாரின் வழக்கில், 1972-இல் அதே நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதற்குப் பின் ஜான் ஹோல்ட் என்ற ஆசிரியர், பள்ளிகளைச் சீர்திருத்த முடியும் என்ற நம்பிக்கையை இழந்தவராய், 1977-இல் வீட்டுக் கல்விக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். மாநிலந்தோறும் வழக்குகளும் மனுக்களும் நடந்து, 1993-க்குள் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமாயிற்று.

எனினும் மாநிலத்துக்கு மாநிலம் நியமங்கள் வேறு. டெக்ஸாஸ், ஒக்லஹோமா, நியூ ஜெர்ஸி போன்ற மாநிலங்களில் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. கண்டிப்பு மிகுந்த மாநிலங்களில் ஒன்று பென்சில்வேனியா. அம்மாநிலத்தில் 1988-ஆம் ஆண்டின் சட்டப்படி, பிள்ளைக்குக் கற்பிப்பவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவராக இருத்தல் வேண்டும். ஆண்டுதோறும் ஆகஸ்டு 1-ஆம் தேதிக்குள் கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளருக்கு ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். ஆண்டில் 180 நாட்களோ, உயர்நிலை வகுப்புகளானால் 990 மணி நேரமோ கற்பித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான காலத்தில் ஆங்கிலம் நான்கு ஆண்டுகள், கணிதம், விஞ்ஞானம், சமூக இயல் ஆகியவை மும்மூன்று ஆண்டுகள், கலைகள் இரண்டு ஆண்டுகள் என்ற அளவும் சட்டத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. செய்தவை அனைத்துக்கும் சாட்சியாக ஒரு தொகுப்பைச் சேர்த்துவைத்து, தகுதி பெற்ற ஒரு மதிப்பீட்டாளரிடம் ஆண்டிறுதியில் பிள்ளையையும் தொகுப்பையும் காட்டிச் சான்று பெற வேண்டும். ஆகவே அந்த மாநிலத்து வீடு ஒன்றையே, 17 வயது மகளும் 15 வயது மகனும் உள்ள ஒரு மாதிரிக் குடும்பமாக, நாம் மனத்தில் நிறுத்திக்கொள்வோம்.

ஆண்டுக்கு 990 மணி என்பதை 36 வாரங்களுக்குப் பகுத்தால் வாரத்துக்கு இருபத்தேழரை மணி நேரம் வருகிறது. வீட்டுக் கல்வியில் ஊறிய குடும்பங்கள் கல்விக் காலத்தை நாளாக அளப்பதைவிட வாரமாக அளப்பதையே விரும்புவதற்குத் தக்க காரணம் உண்டு. ஒரு நாள் என்பது காய்ச்சலாலும், வந்துசேர்ந்த விருந்தாளியாலும், புரியாமல் முரண்டு பிடித்த ஒரே ஒரு கணக்காலும் சிதைந்துவிடக்கூடியது. ஆண்டு என்பதோ, இன்று செய்யாததை நாளை செய்யலாம் என்ற சோம்பலுக்கு இடங்கொடுக்குமளவு நீண்டது. இடைப்பட்ட வாரம், சிதைந்ததைச் சரிசெய்துகொள்ள இடம் தருவதோடு, செய்யாமல் விட்டதை மறைக்கவும் இடம் தராது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாயும் பிள்ளைகளும் மேஜையைச் சுற்றி அமர்ந்து, வரும் வாரத்தில் எந்த நூலில் எத்தனை அத்தியாயங்கள், எத்தனை கணக்குகள், எந்தக் கட்டுரை, எந்தப் பரிசோதனை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்கிறார்கள். சிறு பிள்ளைகளாக இருந்தபோது அந்தத் தாளைத் தாய் எழுதினாள். பதின்ம வயதில் அதைப் பிள்ளைகளே எழுதித் தாயிடம் காட்டுகிறார்கள். கண்ணுக்குச் சிறிதாகத் தோன்றும் இந்த மாற்றத்தில்தான் உயர்நிலை வகுப்பு வீட்டுக் கல்வியின் மர்மம் அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

திங்கட்கிழமை காலை கணிதத்தோடு தொடங்குகிறது. உண்மையில் வாரத்தின் ஒவ்வொரு காலையும் கணிதத்தோடுதான் தொடங்குகிறது. சரித்திரத்தையும் இலக்கியத்தையும் இரண்டு நாள் ஒத்திப்போட்டால் கேடில்லை. கணிதமோ தினசரி அப்பியாசத்தை வேண்டி நிற்பது. மகன் ஜியோமிதியில் முக்கோணங்களின் சர்வசமத்தை நிரூபிக்கக் கற்கிறான். மகள் கால்குலஸுக்கு முந்திய பாடத்தில் திரிகோணமிதிச் சார்புகளோடு போராடுகிறாள். தாய் கல்லூரியில் சரித்திரம் படித்தவள். ஸைனும் கோஸைனும் அவளுக்கு மறந்து வெகு காலமாயிற்று. அப்படியிருந்தும் பாடம் தடைப்படுவதில்லை. தாமே படித்துத் தெளிவதற்கென்று எழுதப்பட்ட பாடநூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கணக்கையும் படிப்படியாகச் செய்துகாட்டும் விடை நூல்கள் இருக்கின்றன. தொலைவிலிருந்த தன் உறவினர் மகளுக்கு 2004-இல் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, பின் அந்தப் பாடங்களைப் படம்பிடித்து உலகுக்கெல்லாம் இலவசமாக வழங்கிய சல்மான் கானின் கான் அகாடமி போன்ற ஏற்பாடுகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அப்படியானால் தாயின் வேலைதான் என்ன? பிள்ளை கணக்கைச் செய்து முடித்தபின், விடை சரியா தவறா என்று பார்ப்பதோடு நில்லாமல், தவறிய கணக்கில் எந்த வரியில் தவறிற்று என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும்வரை அருகில் அமர்ந்திருப்பதுதான் அந்த வேலை. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாயினும், ஒவ்வொரு மாணவனின் ஒவ்வொரு தவறுக்கும் இந்தக் காத்திருப்பைக் கொடுக்க அவருக்கு அவகாசம் இல்லை. மணி அடித்தவுடன் அடுத்த பாடத்துக்குப் போக வேண்டியவர் அவர். வீட்டிலோ, பின்னங்களில் இருந்த குறைதான் இன்றைய அல்ஜீப்ராவில் தலைகாட்டுகிறது என்று தெரிந்தால், ஒரு வாரம் பின்னோக்கிச் சென்று பின்னங்களைச் செப்பனிட்டுக்கொண்டு வரலாம்; அதனால் யாரும் பிள்ளையைப் பின்தங்கியவன் என்று சொல்லப்போவதில்லை. தாயின் அறிவும் எட்டாத இடத்தில், தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கிறார்கள். தந்தையின் நண்பரான ஒரு பொறியாளரோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதுமானதாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி மொழிக்கும் இலக்கியத்துக்கும் உரியது. இங்கே பல குடும்பங்கள் பின்பற்றும் முறை, இங்கிலாந்தில் வாழ்ந்த ஷார்லட் மேசன் (1842–1923) என்ற கல்வியாளர் வகுத்தது. ஆம்பிள்ஸைடு என்ற ஏரிக்கரை ஊரிலிருந்துகொண்டு, வீட்டில் கற்கும் பிள்ளைகளுக்குத் தபால் மூலம் பாடத்திட்டங்களையும் பரீட்சை வினாக்களையும் அனுப்பிவந்தவர் அவர். உயிரோட்டமுள்ள நல்ல நூலில் ஒரு பகுதியைக் கவனத்தோடு ஒரே முறை வாசிப்பது, வாசித்ததை உடனே தன் சொற்களில் திருப்பிச் சொல்வது என்பதே அம்முறையின் உயிர்நிலை. மேலுக்கு எளிதாகத் தோன்றும் இப்பயிற்சியைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் கடினம் தெரியும். வினாக்களுக்கு விடை எழுதுகையில், எது முக்கியம் என்பதைக் கேள்வி கேட்டவரே முன்கூட்டித் தீர்மானித்துவிடுகிறார்; திருப்பிச் சொல்கையிலோ, எதை எடுப்பது, எதை விடுப்பது, எதை முதலில் வைப்பது என்று தீர்மானிக்கும் பாரம் முழுவதும் சொல்பவன்மீது விழுகிறது. பத்து வயதில் வாயால் சொன்னவன், பதினைந்து வயதில் அதையே எழுத்தில் சொல்லப் பழகி, பின் சொன்னதோடு தன் அபிப்பிராயத்தையும், அந்த அபிப்பிராயத்துக்கு ஆதாரத்தையும் சேர்க்கக் கற்று, அறியாமலே கட்டுரை எழுதுபவனாகிவிடுகிறான். மகளின் கட்டுரையைத் தாய் சிவப்பு மையால் திருத்துவதில்லை. உரக்க வாசிக்கச் சொல்கிறாள். வாசிக்கும்போது நாக்கு இடறும் இடங்களில்தான் சிந்தனையும் இடறியிருக்கிறது என்பதை மகள் தானே கண்டு, மறுநாள் திருத்தி எழுதுகிறாள்.

புதன்கிழமை மத்தியானம் சமையலறை மேஜை பரிசோதனைச்சாலையாகிறது. வெங்காயத்தின் மெல்லிய தோலை உரித்து, அயோடின் துளியிட்டு, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, செல்களின் சுவர்களையும் உட்கருவையும் மகன் நோட்டுப் புத்தகத்தில் வரைகிறான். அடுத்த வாரம், பதப்படுத்தித் தபாலில் வந்துசேர்ந்த தவளையை அறுத்துப் பார்க்கும் பாடம் காத்திருக்கிறது. மறுபுறம் மகள், கடையில் வாங்கிய வினிகர் புட்டியின்மீது அமிலம் 5 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது மெய்யா என்று சோதிக்கிறாள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, சோடியம் ஹைட்ராக்ஸைடு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பாக மாறி நிலைக்கும் அந்த ஒரு துளியில் நிறுத்தி, கணக்கிட்டுப் பார்க்கிறாள். விடை 5-க்கு அருகில் வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், தவறு அளவையிலா, கரைசலிலா, கணக்கிலா என்று தேடுவது அதைவிடப் பெரிய பாடம். எனினும் எல்லா விஞ்ஞானத்தையும் சமையலறையில் கற்றுவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நச்சுப்புகை எழும் பரிசோதனைகளுக்கும், விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படும் பௌதிகப் பாடங்களுக்கும் வீடு ஏற்ற இடமன்று. அந்தக் குறையை உணர்ந்த குடும்பங்கள் அருகிலுள்ள சமூகக் கல்லூரியை நாடுகின்றன. அங்கே பதினாறு பதினேழு வயதினரும் சில பாடங்களில் சேர்ந்து, கல்லூரி மாணவர்களோடு சரிசமமாக அமர்ந்து கற்கலாம். அப்பாடம் உயர்நிலைப் படிப்புக்கும் கல்லூரிப் படிப்புக்கும் ஒருங்கே கணக்காகிறது.

வியாழக்கிழமையன்று வீடு பூட்டிக் கிடக்கிறது. ஊரிலுள்ள வீட்டுக் கல்விக் குடும்பங்கள் பல சேர்ந்து, ஒரு தேவாலயத்தின் கூடத்திலோ நூலகத்தின் அறையிலோ நடத்தும் கூட்டுறவு வகுப்புகளின் நாள் அது. ரசாயனத்தில் பட்டம் பெற்ற ஒரு தாய் பத்துப் பிள்ளைகளுக்கு ரசாயனம் சொல்கிறாள். ஸ்பானிஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இன்னொருத்தி அம்மொழியைக் கற்பிக்கிறாள். நம் மாதிரிக் குடும்பத்தின் தாய், தான் பயின்ற சரித்திரத்தை எல்லோர் பிள்ளைகளுக்கும் எடுத்துச் சொல்கிறாள். எல்லாப் பாடங்களையும் ஒருவரே அறிந்திருக்க முடியுமா என்ற நம் முதல் கேள்விக்கு இங்கே விடை கிடைக்கிறது. பழைய ஐரோப்பியக் கல்வியின் மூன்று படிகளாகிய இலக்கணம், தர்க்கம், அணியுரை ஆகியவற்றை மீட்க வேண்டும் என்று ஆங்கில நாவலாசிரியை டாரதி ஸேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய சொற்பொழிவு, இத்தகைய குழுக்களில் பலவற்றுக்கு வேதவாக்கைப் போலாகிவிட்டது. தர்க்கத்தில் விருப்பமுள்ள வயது வந்ததும் பிள்ளைக்கு வாதம் செய்யக் கற்பிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பெற்றோரோடு எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் செய்யும் பருவத்தினருக்கு, அந்த எதிர்வாதத்தையே ஒழுங்குபடுத்தும் வித்தையைக் கற்றுத்தருவதில் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. இருதரப்பு வாதமும், கேள்வியும் மறுப்பும் தனியாக அமர்ந்து கற்கக்கூடியவை அல்ல; அவற்றுக்குச் சக வயதினர் வேண்டும். வீட்டுக் கல்வி என்பது நான்கு சுவர்களுக்குள் அடைபட்டதாக இருந்தால் இந்தப் பகுதி ஊனப்பட்டுவிடும் என்பதை அனுபவமுள்ள குடும்பங்கள் நன்கறிந்திருக்கின்றன.

வெள்ளிக்கிழமை சரித்திரத்துக்குரியது. பென்சில்வேனியாவில் வாழ்பவர்களுக்குச் சரித்திரம் காரில் போய்ப் பார்த்துவரக்கூடிய தூரத்தில் இருக்கிறது. 1776-இல் சுதந்திரப் பிரகடனமும் 1787-இல் அரசியல் சாசனமும் உருவான மண்டபம் பிலடெல்பியாவில் நிற்கிறது. உள்நாட்டுப் போரில் 1863 ஜூலை 1 முதல் 3 வரை பெரும்போர் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் அம்மாநிலத்தின் தென்பகுதியில் இருக்கிறது. அந்தக் களத்தில் கல்லறைத் தோட்டத்தை அர்ப்பணிக்க அதே ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி கூடிய விழாவில், எட்வர்ட் எவரெட் என்ற பெயர்பெற்ற பேச்சாளர் இரண்டு மணி நேரம் பேசினார். அவருக்குப் பின் எழுந்த ஜனாதிபதி லிங்கன் சுமார் 270 சொற்களில், இரண்டு மூன்று நிமிஷங்களில் பேசி அமர்ந்தார். பாடநூலின் சுருக்கத்தை மனப்பாடம் செய்யாமல், இரண்டு உரைகளையும் மூலத்திலேயே வாசித்து, இரண்டையும் உரக்கப் பேசிப் பார்த்து, ஒன்றை உலகம் மறந்து மற்றொன்றை ஏன் நினைவில் வைத்திருக்கிறது என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுவதும் மகனும் மகளும் விவாதிக்கலாம். சரித்திரமும் இலக்கியமும் பேச்சுக்கலையும் ஒரே பாடமாகக் கலக்கும் இந்த வசதி, நாற்பது நிமிஷத்துக்கு ஒரு முறை மணியடிக்கும் பள்ளிக்கு அமைவது அரிது.

சட்டம் கேட்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கீதமும் சித்திரமும் மாலை வேளைகளில் நடைபெறுகின்றன. தீ விபத்தைத் தடுக்கும் பயிற்சி உட்படப் பாதுகாப்புக் கல்வியும் ஆண்டுதோறும் இடம்பெற வேண்டும். விளையாட்டில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு 2005-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் வழிதிறந்தது. வீட்டில் கற்பவர்களும் தம் பகுதி அரசாங்கப் பள்ளியின் விளையாட்டு அணிகளிலும் இசைக்குழுக்களிலும் பங்குபெறலாம் என்று அது விதிக்கிறது. ஆகவே நம் மகன் பள்ளியில் பாடம் படிக்காமலே, அப்பள்ளியின் அணிக்காக மாலையில் ஓடுகிறான்.

வாரக் கடைசியில் கணக்கெழுதும் வேலை வருகிறது. அமெரிக்க உயர்நிலைக் கல்வியில் ஒரு பாடத்தை அளக்கும் அலகு, சுமார் 120 மணி நேரப் படிப்பைக் குறிப்பது. அதற்குக் கார்னெகி அலகு என்று பெயர். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் எஃகுத் தொழிலால் பெருஞ்செல்வம் ஈட்டிய ஆண்ட்ரூ கார்னெகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்கும்பொருட்டு 1905-இல் 1 கோடி டாலர் அளித்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். எந்தக் கல்லூரிகள் அந்த உதவிக்கு உரியவை என்று தீர்மானிக்க, தம்மிடம் சேரும் மாணவர் உயர்நிலைப் பள்ளியில் எத்தனை அலகுகள் படித்திருக்க வேண்டும் என்று விதிக்கும் கல்லூரிகளையே அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது. ஓய்வூதியத்துக்காகப் பிறந்த அந்த அளவுகோல் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு தேசத்தின் கல்வியையே அளந்துவருகிறது. அதே கார்னெகி, அமெரிக்காவில் 1,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் கட்ட நிதி உதவினார் என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நூல்களை இலவசமாக எடுத்துச்செல்லும் பொது நூலகம் என்ற ஏற்பாடு இல்லாவிடில், நடுத்தர வருவாயுள்ள குடும்பம் உயர்நிலைப் படிப்பை வீட்டில் நடத்துவது இயலாத காரியமாகியிருக்கும். நேரத்தை அளப்பது ஒன்று, அறிவைத் திறந்துவைப்பது மற்றொன்று. ஒரே மனிதரின் கொடையிலிருந்து இரண்டும் வந்தன, எனினும் கற்கும் பிள்ளைக்கு அவற்றுள் எது பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சேர்ந்த கணக்குகள் நான்காண்டு முடிவில் ஒரு மதிப்பெண் பட்டியலாகின்றன. இன்ன பாடம், இத்தனை அலகு, இன்ன மதிப்பெண் என்று தாய் தன் கையாலேயே எழுதி ஒப்பமிடும் பட்டியலைக் கல்லூரிகள் ஏற்கின்றனவா என்று வாசகர் கேட்கலாம். ஏற்கின்றன, ஆயினும் தாயின் மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை. எஸ்.ஏ.டி. போன்ற பொதுத் தேர்வின் மதிப்பெண், சமூகக் கல்லூரியில் பயின்ற பாடங்களின் பதிவு, வாசித்த நூல்களின் பட்டியல், வெளியார் எழுதிய பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றையும் சேர்த்தே நோக்குகின்றன. பென்சில்வேனியாவில் 2014-க்குப் பின், தாய் தந்தையர் தரும் உயர்நிலைச் சான்றிதழும், மாநிலம் வகுத்த படிவத்தில் அமைந்து மதிப்பீட்டாளரின் ஒப்பமும் பெற்றிருந்தால், பள்ளியின் சான்றிதழுக்குச் சமமாக மதிக்கப்படுகிறது.

இவ்வளவு சொன்னபின், இதன் விலையையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பாரத்தைத் தாங்குபவள் தாய். அவள் உத்தியோகத்தை விட்டிருப்பாள், அல்லது பாதியாகக் குறைத்திருப்பாள். ஒரே வருமானத்தில் குடும்பம் நடக்கிறது. பகல் முழுவதும் பிள்ளைகளின் குரலைத் தவிர வேறு குரல் கேளாத நாட்கள் அவளுக்கு உண்டு. பிள்ளைக்கும் தனிமை உண்டு. பள்ளியின் தாழ்வாரத்தில் தற்செயலாகக் கிடைக்கும் சிநேகம் அவனுக்குத் திட்டமிட்டுத் தேடித்தான் கிடைக்கிறது. இவற்றைவிடக் கடுமையானது, சட்டம் தளர்ந்த மாநிலங்களைப் பற்றிய கவலை. எவருக்கும் அறிவிக்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளப்படும் பிள்ளை உண்மையில் கற்கிறதா, நலமாக இருக்கிறதா என்று காணும் கண் வேறெதுவும் இல்லை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியை எலிசபெத் பார்தலெட் 2020-இல் இக்கவலையை வலியுறுத்தி எழுதியபோது பெரும் விவாதம் மூண்டது. அவர் கேட்ட அளவுக்குத் தடைகள் வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது வெளியாள் ஒருவர் பிள்ளையைச் சந்தித்து, அவன் வேலையைப் பார்த்து, அவனோடு பேச வேண்டும் என்ற பென்சில்வேனியாவின் நியமம் நேர்மையான எந்தக் குடும்பத்துக்கும் சுமையாகாது என்றே நான் கருதுகிறேன். தன் பிள்ளையின் வளர்ச்சியைப் பிறர் காணட்டும் என்று விரும்பாத கல்விமுறை, வீட்டில் நடந்தாலும் பள்ளியில் நடந்தாலும், ஐயத்துக்குரியதே.

நம் நாட்டிலும் இவ்வழியில் நடக்கும் குடும்பங்கள் நகரங்களில் உண்டு. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009-ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டுக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. ஆனால் உயர்நிலை வயதுக்கு உதவும் ஓர் ஏற்பாடு இங்கே ஏற்கெனவே இருக்கிறது. 1989-இல் தொடங்கி, 2002-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று பெயர் பெற்ற அமைப்பின் மூலம், 14 வயது நிரம்பியவர் பத்தாம் வகுப்புக்குச் சமமான பரீட்சையை ஐந்து பாடங்களில் எழுதலாம். பொதுப் பரீட்சை ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஒரு முறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகள் வரை, ஒன்பது வாய்ப்புகளுக்குள், ஒவ்வொரு பாடமாகவும் தேறிக்கொள்ளலாம். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் எழுதித் தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாததால், பிள்ளை எந்தப் பாடத்தில் எப்போது தயாராகிறானோ அப்போது எழுதுகிறான். பள்ளியை இடையில் விட்டவர்களுக்கும், தொழில் செய்துகொண்டே படிப்பவர்களுக்கும் உதவும் இந்த நிறுவனமே வீட்டில் கற்பவர்களுக்கும் கதவாக விளங்குகிறது.

எல்லோரும் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல ஆசிரியரும் நல்ல தோழரும் வாய்த்த பள்ளி ஒரு பெரும்பேறு. இரு பெற்றோரும் உழைத்தால்தான் அடுப்பெரியும் வீட்டுக்குப் பள்ளியே ரட்சகன். ஆயினும் உயர்நிலை வகுப்பை வீட்டில் நடத்திய குடும்பங்கள் கண்டறிந்த ஓர் உண்மை எல்லா வீடுகளுக்கும் உரியது. ஒன்பதாம் வகுப்பில் நுழையும் பிள்ளைக்குப் பாடத்தைத் தாய் திட்டமிடுகிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, தன் வாரத்தைத் தானே திட்டமிட்டு, தன் தவறைத் தானே தேடி, தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் போய்க் கேட்கக் கூச்சமற்றவனாக நிற்கிறான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் பொறுப்பு கை மாறுகிறது. மாற்றிக்கொடுக்கும் துணிவு பெற்றோருக்கும், ஏற்றுக்கொள்ளும் பழக்கம் பிள்ளைக்கும் வாரம் வாரமாகத்தான் வளர்கின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளையின் வீட்டிலும் இதைச் செய்யத் தடையொன்றும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, மதிப்பெண்ணைக் கேட்காமல், கற்றதில் ஒன்றைத் தன் சொற்களில் சொல்லும்படி பிள்ளையைக் கேட்கலாம். வரும் வாரத்தை அவனே எழுதித் தரும்படி சொல்லலாம். அவன் திட்டம் தவறினால், அதைத் திருத்தும் உரிமையையும் அவனிடமே விடலாம். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் புறப்படும் பிள்ளையோடு ஆசிரியரும் வரமாட்டார், தாயும் வரமாட்டாள். தானே கற்கும் பழக்கம் ஒன்றே கூட வரும், அதை அவனுக்குக் கொடுத்தனுப்புவதைவிடப் பெரிய கடமை பெற்றோருக்கு வேறில்லை.